கடைக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன்

வெளிநாட்டிலிருந்து வந்த கணவர், கையிலுள்ள பணத்தில் சாப்பாட்டுக் கடையொன்று போடுவோம் என்கிறாரா? சந்தோஷம்தான். அட்வான்ஸ் கொடுக்குமுன் கொப்பியும் பேனையுமாக இருவரும் உட்காருங்கள், சகோதரி.

நூறு ரூபாய்க்கு விற்றால் மா, எண்ணெய், முட்டை, கேஸ் போக 30 ரூபாய் மிஞ்சுகிறது என்று வைப்போம். வாடகை, வேலையாள் சம்பளம், மின்சாரம் மாதம் 120,000. அப்படியானால் நான்கு இலட்சத்துக்கு விற்றால்தான் கையைக் கடிக்காது. 25 நாள் திறந்தால் தினம் 16,000.

இதில் கணவருடைய சம்பளம் எங்கே? பலரும் விட்டுவிடுவது இதைத்தான். வேறிடத்தில் அவருக்கு 60,000 கிடைக்குமென்றால் அதையும் செலவில் எழுதுங்கள். இப்போது ஆறு இலட்சம் விற்க வேண்டும், தினம் 24,000.

அந்தத் தெருவில் அவ்வளவு விற்குமா? அதேபோன்ற கடையொன்றின் எதிரே வெள்ளிக்கிழமை ஒன்றும் சாதாரண நாள் ஒன்றும் நின்று, வருகிறவர்களை எண்ணச் சொல்லுங்கள். நம்மவர் தெருவென்றால் நோன்பு மாதத்தில் பகல் வியாபாரம் இராது, வாடகை இருக்கும். மின் கட்டணமோ 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறிய நாடு இது.

பெயர்பெற்ற கம்பனியின் கிளையென்றால் பெரும்பாலும் பங்கு கேட்பார்கள். இலாபத்தில் அல்ல, விற்பனையில்! நூற்றுக்கு 5 என்றாலும் உங்கள் 30 ரூபாய் 25 ஆகிவிடும். அப்போது மாதம் விற்க வேண்டியது 720,000.