ஒப்பம் வைக்க முன்: மூழ்கிய கப்பல் பார்க்கப் போகிறவர்களுக்கு

வாடை அடங்கி, கடல் தெளிந்து, சித்திரை பிறந்தால் கிழக்குக் கரையில் சுழியோடும் பருவம் தொடங்கிவிடும். பாசிக்குடா, கல்குடா, நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் ஸ்கூபா நிலையங்களின் பலகைகள் வெளியே வரும். படகில் ஏற முன் ஒரு தாளை நீட்டுவார்கள். அநேகமாக ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருக்கும். "ஒண்டுமில்ல, ஒரு சைன் வச்சிட்டு ஏறுங்க" என்பார்கள். வெயிலில் படகு காத்து நிற்க, யார் வாசிக்கிறார்கள்?

வாசிக்க வேண்டும். ஏனென்றால் அந்தத் தாளில் இருப்பது இரண்டு வேறு விடயங்கள். ஒன்று உடல்நிலை வினாக்கொத்து. ஆஸ்துமா, வலிப்பு, இருதய நோய், காதில் சத்திரசிகிச்சை, கர்ப்பம் என்று கேட்டுக்கொண்டு போகும். போகிற பயணம் கெட்டுவிடும் என்று எல்லாவற்றுக்கும் "இல்லை" போடுகிறவர்கள் நிறையப்பேர். அந்தப் பொய்யின் விலையைக் கொடுப்பது நிலையக்காரர் அல்ல. "ஆம்" என்று ஒரு பதில் விழுந்தாலும் வைத்தியரின் கடிதம் கேட்பது அவர்கள் கடமை. கேட்காமல் இறக்குகிற இடத்தில் இறங்காதீர்கள்.

மற்றது பொறுப்புத் துறப்பு. "எனக்கு என்ன நடந்தாலும் நிலையம் பொறுப்பல்ல" என்கிற வாசகம். இதில் ஒப்பம் வைத்துவிட்டால் எல்லாம் போயிற்று என்றுதான் பலரும், சில பொலிஸ் உத்தியோகத்தர்கள்கூட, நினைக்கிறார்கள். அது சரியல்ல. 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டத்தின்படி, தன்னுடைய கவனயீனத்தால் ஒருவருக்கு ஏற்படும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ உரிய பொறுப்பை எந்த ஒப்பந்த வாசகத்தாலும் அறிவித்தலாலும் ஒரு வியாபாரம் தட்டிக்கழிக்க முடியாது. கடலுக்கென்று இருக்கிற ஆபத்தை நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்கள். அடுத்தவரின் அலட்சியத்தை அல்ல. இந்த இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது என்று தெரிந்திருப்பதுதான் முக்கியம்.

உதாரணத்துக்கு ஹேர்ம்ஸ். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல். விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு வரையப்பட்ட உலகின் முதற் கப்பல் அது. அன்று அதில் ஒரு விமானமும் இருக்கவில்லை என்பது விதி. 307 பேர் இறந்தார்கள். அறுநூறு பேர் வரையில் வைத்தியசாலைக் கப்பலான வீற்றா காப்பாற்றியது. கல்லடிக்கு நேரே சில கடல் மைல் தூரத்தில், ஏறத்தாழ 53 மீற்றர் ஆழத்தில், இடப்பக்கம் சரிந்து கிடக்கிறது. உலகம் முழுவதிலுமிருந்து சுழியோடிகள் அதைப் பார்க்கத்தான் மட்டக்களப்புக்கு வருகிறார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஆரம்பநிலை 'ஓப்பன் வோட்டர்' சான்றிதழ் 18 மீற்றர் வரைக்கும். அடுத்த நிலை 30. பொழுதுபோக்குச் சுழியோடலின் கடைசி எல்லை 40. ஹேர்ம்ஸ் கிடக்கும் தரை அதையும் தாண்டியது. அந்த ஆழத்தில் அழுத்தம் கரையில் உள்ளதைப்போல ஆறு மடங்குக்கு மேல். சிலிண்டரும் ஆறு மடங்கு வேகத்தில் தீரும். நைதரசன் மூளையை மயக்கும். கள் வெறியில் இருப்பவருக்குத் தான் வெறியில் இருப்பது தெரியாத மாதிரி, சுழியோடிக்கும் தெரியாது. ஏறி வரும்போது இடையிடையே நின்று, நிமிடக்கணக்கில் காத்திருந்து ஏற வேண்டும். இதற்கெல்லாம் தனிப் பயிற்சி, தனி வாயு, மேலதிக சிலிண்டர்கள் தேவை. 18 மீற்றர் சான்றிதழ் வைத்திருப்பவரை "நாங்க பக்கத்தில நிப்பம், பயப்பிடாதீங்க" என்று அங்கே கூட்டிக்கொண்டு போவது கடலின் ஆபத்து அல்ல. அது கவனயீனம். அதே நாளில் மூழ்கிய 'பிரிட்டிஷ் சார்ஜன்ற்' என்ற எண்ணெய்க் கப்பல் பாசிக்குடாப் பக்கம் 25 மீற்றர் அளவில்தான் கிடக்கிறது. இரண்டாம் நிலைச் சான்றிதழ்க்காரருக்கு அது போதும். பார்க்கவும் நிறைய உண்டு.

சான்றிதழே இல்லாதவர்களுக்கான 'ஒருநாள் அனுபவ' சுழியோடலுக்கும் எல்லை இருக்கிறது. 12 மீற்றருக்குக் கீழே போகக்கூடாது. 'பாடி' என்ற சுழியோடல் பயிற்சி அமைப்பின் விதிப்படி கடலில் ஒரு பயிற்றுநருக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது. ஏழெட்டுப் பேரை ஒரு பையன் இழுத்துக்கொண்டு போவதைக் கண்டால் காசைத் திருப்பிக் கேளுங்கள்.

உபகரணத்தைத் தொட்டுப் பார்ப்பதில் வெட்கப்படாதீர்கள். சிலிண்டரின் கழுத்தடியில் அழுத்தப் பரிசோதனைத் திகதி உலோகத்தில் குத்தப்பட்டிருக்கும். ஐந்து வருடத்துக்கு மேற்பட்டதென்றால் வேண்டாம். வாயில் ரெகுலேற்றரை வைத்து, அழுத்தமானியைப் பார்த்தபடி நாலைந்து தரம் ஆழமாக மூச்சு இழுங்கள். ஊசி அசையாமல் நின்றால் நல்லது. ஒவ்வொரு இழுப்புக்கும் விழுந்து விழுந்து எழும்பினால் வால்வு முழுதாகத் திறக்கப்படவில்லை; மேலே சரியாக இருப்பதுபோலத் தோன்றுவது கீழே மூச்சடைக்கும். காற்றில் எண்ணெய் வாடை வந்தால் அந்தச் சிலிண்டரைத் திருப்பிக் கொடுங்கள். பச்சை மஞ்சள் பட்டி ஒட்டிய சிலிண்டர் என்றால் உள்ளே சாதாரண காற்று இல்லை, ஒட்சிசன் கூடிய நைட்ரொக்ஸ். 32 வீத நைட்ரொக்ஸை 33 மீற்றருக்குக் கீழே கொண்டுபோனால் ஒட்சிசனே நஞ்சாகி வலிப்பு வரலாம். நீருக்கடியில் வலிப்பு வந்தால் வாயிலிருந்து ரெகுலேற்றர் கழன்றுவிடும். பிறகு சொல்ல எதுவுமில்லை.

கப்பலுக்குள் நுழைவது இன்னொரு விடயம். செயற்கைப் பாருக்காக வேண்டுமென்றே மூழ்கடிக்கிற கப்பலில் முறையாகச் செய்தால் எண்ணெயை வடித்து, வயர்களையும் கதவுகளையும் கழற்றி, வெளியேற வழிகள் வெட்டித்தான் இறக்குவார்கள். குண்டுபட்டு மூழ்கியதற்கு அந்தத் தயார்ப்படுத்தல் எதுவும் இல்லை. எண்பது வருடத் துருப்பிடித்த தகடு, சிக்கிக் கிடக்கும் வலைகள், துடுப்பு பட்டதும் கிளம்பி வெளிச்சத்தை மூடுகிற சேறு. சரிந்து கிடக்கிற கப்பலில் சுவர் தரையாகியிருக்கும். வந்த வழி பிடிபடாது. இதற்கான தனிப் பயிற்சி இல்லாதவர் வெளியே நின்று பார்க்கலாம். உள்ளே போக மறுப்பது உங்கள் உரிமை. காரணம் சொல்லத் தேவையில்லை, எந்த நேரத்திலும், படகில் கால் வைத்த பிறகும்கூட.

செயற்கைப் பார் என்ற பெயரில் போடுவதெல்லாம் பாராகிவிடாது. அமெரிக்காவின் புளோரிடாவில் 1970களில் இருபது இலட்சம் அளவில் பழைய ரயர்களைக் கட்டிக் கடலில் இறக்கினார்கள். கட்டு அறுந்து, அவை உருண்டு உருண்டு பக்கத்திலிருந்த உயிருள்ள முருகைக்கற்களை நொருக்கின. நம் கடலில் 2021 ஜூனில் நெடுந்தீவுக்கு அப்பால் பழைய பஸ்களை இறக்கியபோது தமிழ்நாட்டு மீனவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இப்படி இறக்க முன் அந்தக் கடலில் வலை போடுகிறவர்களைக் கேட்பதுதான் முறை. கேட்டார்களா, எண்ணெய் வடித்தார்களா என்பதை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் கேட்கலாம். பதினான்கு வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும்.

ஸ்நோர்க்ளிங்தானே, அதில் என்ன என்பார்கள். நிலாவெளிக்கு முன்னாலுள்ள புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கே முருகைக்கல்லில் ஏறி நிற்பது அழிவு மட்டுமல்ல, சட்டப்படி குற்றமும்கூட. நீச்சல் தெரியாதவருக்கு மிதவை அங்கி கட்டாயம் கேளுங்கள். படகுகள் வந்துபோகும் பக்கம் தனியே நீந்தாதீர்கள். நெடுநேரம் மூச்சடக்க வேண்டுமென்று முதலில் வேகவேகமாக மூச்சு வாங்குகிற பழக்கம் இளம் பொடியன்களிடம் இருக்கிறது. அது நீருக்குள்ளேயே நினைவு தப்பவைக்கும், எச்சரிக்கையே இல்லாமல்.

கப்பலிலிருந்து எதையும் எடுத்து வராதீர்கள். ஹேர்ம்ஸ் ஒரு யுத்தக் கல்லறை. பழைய கப்பல்களுக்கு 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. கொடவாயவில் 2003 இல் கடற்றொழிலாளர் கண்டுபிடித்த கப்பல் ஈராயிரம் வருடத்துக்கு மேற்பட்டது. அங்கிருந்து ஒரு கல்லை நகர்த்தினாலும் போனது போனதுதான்.

இனி, ஏறி வந்தபின். மூட்டு வலி, தோலில் புள்ளி, கால் விறைப்பு, தலைச்சுற்று, சொல்ல முடியாத அலுப்பு. சுழியோடிய ஒருநாளுக்குள் இவற்றில் எது வந்தாலும் அழுத்தக்குறைப்பு நோயைத்தான் (டிகொம்பிரஷன்) முதலில் சந்தேகிக்க வேண்டும். வாய்வுப் பிடிப்பு என்று எண்ணெய் தேய்த்துப் படுப்பவர்கள் உண்டு. கடலட்டைக்கும் சங்குக்கும் ஒரு நாளில் பல தரம் இறங்குகிற நம் கடற்றொழிலாளரில் சிலர் இப்படித்தான் கால் இழந்தார்கள். வெளிநாட்டுப் பயணியின் கையில் ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்பியூட்டர். நம் கடற்றொழிலாளரிடம் எதுவும் இல்லை. இந்த அநியாயத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

செய்ய வேண்டியது: படுக்க வைத்து நூறு வீத ஒட்சிசன், உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸ். திரும்பக் கடலுக்குள் இறக்கிச் சரிப்படுத்த முயலவே கூடாது. உயரழுத்த அறை திருகோணமலையில் கடற்படையிடம் உண்டு. வைத்தியசாலைக்குப் போகும்போதே "சுழியோடிவிட்டு வந்தவர்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். படகில் ஒட்சிசன் இருக்கிறதா என்பதைக் கரையிலேயே கேட்டுவிட வேண்டும். இன்னொன்று: காலையில் பாசிக்குடாவில் சுழியோடிவிட்டுப் பின்னேரம் நுவரெலியாவுக்கு வேன் பிடிக்காதீர்கள். 1,800 மீற்றருக்கு மேல் உயரம். விமானம் ஏறுவதுபோலத்தான் அதுவும். பல தரம் சுழியோடியிருந்தால் விமானத்துக்கு 18 மணித்தியாலம் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

நிலையம் பிழை விட்டிருந்தால் அன்றே ஆதாரத்தைச் சேர்க்கத் தொடங்குங்கள். பற்றுச்சீட்டு, ஒப்பம் வைத்த தாளின் படம், கம்பியூட்டரில் பதிவான ஆழம், வைத்தியசாலை அறிக்கை, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி. கூட வந்தவர்களின் தொலைபேசி இலக்கம் மறக்க வேண்டாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி உரிய கவனத்தோடும் திறமையோடும் சேவை வழங்குவது கடப்பாடு. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில் எழுத்தில் முறையிடலாம், அழைக்க 1977. நட்டஈடு அல்லது காசு திருப்பிக் கொடுக்க அது கட்டளையிடலாம். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் இலக்கம் 1912. நிலையம் பதிவு பெற்றதா என்று போக முன்பே கேட்டுவிடலாம். வழக்குப் போட வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

பாவனையாளர் முறைப்பாட்டுக்கு, சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதம். நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு வருடம். அதற்குப் பிறகு போனால் எடுக்க மாட்டார்கள்.