பூமிக்குள் செலுத்திய நீர் எவ்வழி செல்கிறது?

பூமிக்கடியில் கொதிக்கும் நீரை ஆழ்கிணறுகள் மூலம் மேலே கொணர்ந்து, அதிலிருந்து பிரியும் நீராவியால் மின்சாரம் உண்டாக்கும் நிலையங்கள் உலகில் பலவுண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டின் நீக்ரோஸ் தீவிலுள்ள பாலின்பினோனில் 1983ஆம் ஆண்டு முதல் இம்முறையில் மின்சாரம் எடுத்து வருகின்றனர்.

நீராவியைப் பிரித்தபின் எஞ்சும் வெந்நீரை என்ன செய்வது? அதில் உப்பும், ஆர்செனிக், போரான் போன்றவையும் கலந்திருக்கும். ஆற்றில் விட்டால் பயிருக்கும் மீனுக்கும் கேடு. மேலும், நீரை எடுத்துக்கொண்டே இருந்தால் நிலத்தடி அழுத்தம் குறைந்துவிடும். ஆகவே அதனை வேறு கிணறுகள் வழியே மீண்டும் பூமிக்குள் செலுத்துகின்றனர். இதிலும் ஓர் ஆபத்து உண்டு. அந்நீர் பாறை வெடிப்புகளின் வழியே விரைந்தோடி, போதிய அளவு சூடேறுமுன் உற்பத்திக் கிணற்றை அடையுமாயின், அக்கிணறு குளிர்ந்து நீராவி குன்றும். குளிர்ந்த பாறை மீண்டும் சூடேற நெடுங்காலம் பிடிக்கும்.

இவ்வாபத்தை முன்னதாகவே அறிய உதவுபவை தடங்காட்டிகள். செலுத்தும் நீரில் புளோரசீன் என்னும் சாயத்தையோ, கதிரியக்கமுள்ள அயோடின் 131ஐயோ சிறிதளவு கலந்துவிட்டு, சுற்றுக் கிணறுகளின் நீரைத் தொடர்ந்து சோதிக்கின்றனர். எந்தக் கிணற்றில், எத்தனை நாளில், எவ்வளவு வந்தது என்பதைக் கொண்டு நீரோடும் வழியும் வேகமும் புலனாகும். அயோடின் 131 எட்டு நாளில் பாதியாகக் குறைந்துவிடுவதால் குறுகிய காலச் சோதனைக்கே ஏற்றது. மிகுந்த வெப்பத்தில் புளோரசீன் சிதைந்துவிடும். அத்தகைய இடங்களில் வெப்பந்தாங்கும் நாப்தலீன் சல்போனேட்டுகள் பயன்படுகின்றன.

எதையும் கலவாமலே தடங்காட்டும் பொருளும் உண்டு. அதுவே நீரிலுள்ள குளோரைடு. அது நீராவியோடு செல்வதில்லையாதலால், எஞ்சிய நீரில் அதன் செறிவு மிகும். உற்பத்திக் கிணற்றில் குளோரைடு ஏறுவது, செலுத்திய நீர் திரும்பி வருவதற்கு ஓர் அறிகுறி. எனினும், நிலத்தடியிலேயே நீர் கொதித்து ஆவியானாலும் அது ஏறக்கூடும். ஆதலின் வெப்பநிலை முதலிய பிற அளவுகளோடு ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும்.

நீர் வந்தபின் அறிந்து என்ன பயன் என்னும் ஐயம் எழலாம். வழியிலுள்ள பாறை தன் வெப்பத்தை நீருக்கு ஈந்துகொண்டே இருப்பதால், தடங்காட்டி முதலில் வரும். குளிர்ச்சி பின்னரே வரும். அந்த இடைக்காலமே பொறியாளர்க்குக் கிடைக்கும் தவணை. பாலின்பினோனில் குளோரைடு ஏற்றமும் தடங்காட்டிச் சோதனைகளும் நீர் திரும்பி வருவதைக் காட்டவே, உற்பத்திக் கிணறுகளுக்குத் தொலைவிலுள்ள கிணறுகளில் நீரைச் செலுத்தும் முறைக்கு மாறினர். கிணறுகளைக் காக்க உதவுவது, பாறை குளிருமுன் கிடைக்கும் அத்தகைய செய்தியே.