பெயர் கேட்டால் போதுமா? இடமும் தர வேண்டாமா?

1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநில எல்லை வகுத்தபோது விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது; நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அதனால் பாறசாலைப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் ஒரே பெயரை இரண்டு லிபியில் எழுதுவது வழக்கமாயிற்று. பெயர் பிசகினால் என்ன அலைச்சல் என்பது அங்குள்ளோர்க்கும், பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நமக்கும் நன்றாகத் தெரியும்.

'சி' மொழி பயிலும் நம் பிள்ளைகள் முதலில் எழுதிப் பார்ப்பது பெயர், வயது, ஊர் கேட்கும் சிறு நிரல்தான். அதில் பெயர் வாங்கப் பெரும்பாலும் 'ஸ்கேன்எஃப்' போடுவார்கள். சாதாரணமாக அது இடைவெளி கண்டதும் நின்றுவிடும். 'முத்து லட்சுமி' என்று அடித்தால் 'முத்து' மட்டுமே பெயராகும். 'லட்சுமி' எங்கும் போய்விடாது. அடுத்து வயது கேட்கும்போது எண்ணுக்குப் பதில் வந்து நிற்கும். வயது பதிவாகாது. எண் கிடைக்கும்வரை கேட்கும்படி எழுதியிருந்தால், அதே கேள்வி திரையில் ஓயாமல் ஓடும்.

பழைய நூல்கள் 'கெட்ஸ்' என்பதைக் காட்டும். அது இன்னும் ஆபத்து. இருக்கும் இடத்தின் அளவே அதற்குத் தெரியாது. 1988 நவம்பரில் அமெரிக்கக் கணிப்பொறிகளில் பரவிய மோரிஸ் புழு நுழைந்த வழிகளில் இதுவும் ஒன்று. 512 பைட் இடத்தில் 536 பைட்டைத் திணித்தது. 2011-இல் வந்த 'சி' தரநிர்ணயம் கெட்ஸை நீக்கிவிட்டது.

நல்ல வழி 'எஃப்கெட்ஸ்'. வரி முழுவதையும் அளவோடு வாங்கும். இறுதியில் ஒட்டிவரும் வரிமுறிவை நீக்க வேண்டும். வயதையும் இப்படியே வரியாக வாங்கி, பிறகு எண்ணாக மாற்றலாம். மாறாவிட்டால் மறுபடி கேட்கலாம்.

ஆனால் அளவைத் தீர்மானிப்பவர் நாம்தானே! 'நெய்யாற்றின்கரை' 8 எழுத்து; 20 பைட் தாராளம் என்று தோன்றும். யூடிஎஃப்-8 முறையில் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனிக் குறிகள். மொத்தம் 15 குறிகள், குறிக்கு 3 பைட், ஆக 45 பைட். மலையாள எழுத்துக்கும் இதே கணக்குத்தான். 20 பைட்டில் முடிவுக் குறிக்கு ஒன்று போக 19 மிஞ்சும். 'நெய்யா' வரை வந்து, அடுத்த எழுத்தின் ஒரு துண்டோடு ஊர்ப் பெயர் அறுபடும். மிச்சம் அடுத்த கேள்விக்குப் பதிலாகப் போய் விழும். 200 பைட் ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்?

பெற்றோர்களே, பிள்ளை நிரல் எழுதிக் காட்டினால் பாட்டியின் முழுப் பெயரையும் ஊரையும் தமிழில் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாட்டி பெயர் முழுதாகத் திரும்பி வந்தால் நிரல் தேறியது.