வலியா, வழியா?

போன மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. கனமான அட்டை, தங்க நிற எழுத்து, ஓரத்தில் பட்டு நூல் குஞ்சம். பிரித்துப் பார்த்தால் 'திருமன விழா' என்று போட்டிருக்கிறது! மூன்று சுழி வர வேண்டிய இடத்தில் இரண்டு சுழி. கீழே, 'நட்ப்பும் உறவும் சூழ' வரச் சொல்லி அழைப்பு. ட், ற் இரண்டுக்கும் பக்கத்தில் இன்னொரு ஒற்று வரவே வராது என்று எங்கள் தமிழ் டீச்சர் சொல்லிச் சொல்லியே தலையில் ஏற்றியிருந்தார். 'முயற்ச்சி' என்று எழுதினால் பத்து முறை இம்போசிஷன்தான்.

"கல்யாணத்துக்குச் சாப்பிடத்தானே போறோம், எழுத்தையா பார்க்கிறது?" என்கிறார் என் கணவர். எப்படித் தோழிகளே பார்க்காமல் இருப்பது? புடவையில் ஒரு சின்னக் கறை இருந்தால் நம் கண் முதலில் அங்கேதானே போகிறது!

கடைத்தெருவில் 'கீரை கடை' என்று ஒரு பலகை. 'கீரைக் கடை' என்றால்தான் கீரை விற்கும் இடம். 'க்' இல்லாவிட்டால், மத்தை எடுத்துக் கீரையைக் கடையச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். 'வேலை கொடு' என்றால் உத்தியோகம். 'வேலைக் கொடு' என்றால் முருகன் கையிலிருக்கும் வேல். ஒரு புள்ளி எழுத்து செய்கிற காரியத்தைப் பாருங்கள். ('வாழ்த்துகளா, வாழ்த்துக்களா' என்று படித்தவர்களே இன்னும் சண்டை போடுகிறார்கள். அதை அவர்களுக்கே விட்டுவிடுவோம்.)

காலம் மாறினால் மொழியும் மாறும் என்பார்கள். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. யானைத் துதிக்கை போட்டு எழுதிய 'லை', 'னை' எல்லாம் இப்போதைய வடிவத்துக்கு மாறின. நாங்களும் பழகிக்கொண்டோம். ஆனால் அப்போது மாறியது எழுத்தின் உருவம்தான். ல, ள, ழ வித்தியாசத்தை யாரும் எடுக்கச் சொல்லவில்லையே!

இப்போது அதுவும் செல்போனில் போயே போய்விட்டது. என் ஓரகத்தியின் அம்மா போன வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்தார். கூட இருந்த பேரன், தமிழையே ஆங்கில எழுத்தில் அடித்துச் செய்தி அனுப்பினான். 'அப்பத்தாவுக்கு வலி இல்லை' என்பதுதான் விஷயம். அவனுக்கு வலிக்கும் வழிக்கும் ஒரே ஸ்பெல்லிங். இவள் 'வழி இல்லை' என்று படித்துவிட்டாள். அடுப்படியிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். திருப்பிப் போன் பண்ணினால் அவன் எடுக்கவில்லை. அந்த அரை மணி நேரம் அவள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடைசியில் லைனில் வந்தவன், "அத்தை, புரிஞ்சா போதாதா?" என்கிறான். புரியவில்லை என்பதுதானேப்பா பிரச்சினை!

தமிழ் எழுத்திலேயே அடிக்க இப்போது எல்லாப் போனிலும் வசதி இருக்கிறது. நம்மிடம்தான் பொறுமை இல்லை. பள்ளிக்கூடத்தில் மார்க் போனால் பதறுகிறோம், வீட்டில் பிள்ளை எழுதும் நாலு வரியைப் படித்துப் பார்க்கிறோமா?

நான் என் பேத்தியை மாதா மாதம் மளிகை லிஸ்ட் எழுத வைக்கிறேன். முதல் மாதம் 'புலி அரை கிலோ' என்று எழுதினாள். "கூண்டோடு வாங்கணுமா, பாட்டி?" என்று அவளே சிரித்துக்கொண்டு திருத்தினாள். இப்போது கடலைப்பருப்புக்கு 'ப்' தவறுவதில்லை. பெருங்காயத்துக்கு மட்டும் இன்னும் வல்லின 'ற'தான் போடுகிறாள்.

- ஓர் இல்லத்தரசி, மதுரை