சரிவில் நிற்கும் முழங்கால்

நாயின் பின்னங்காலில் முழங்கால் எது என்று கேட்டால், பின்பக்கமாகத் துருத்திக்கொண்டு நிற்கும் எலும்பு முனையைத்தான் பலரும் தொட்டுக்காட்டுவார்கள். அது குதிகால். நாய் வாழ்நாள் முழுக்க விரல்களை மட்டுமே ஊன்றி நடக்கிற பிராணி. அதன் குதிகால் மண்ணைத் தொடாமல் உயரத்தில் நிற்கிறது. உண்மையான முழங்கால் அதற்கும் மேலே, வயிற்றை ஒட்டி, தொடைச் சதைக்குள் பாதி மறைந்து, முன்பக்கம் பார்த்து மடங்கியிருக்கிறது. முழங்கால் சில்லும் அங்கேதான் உண்டு.

இந்த இடம் தெரியாததால், வீட்டு நாய் நொண்டத் தொடங்கியதும் முதல் சில நாள்கள் வீணாகிவிடுகின்றன. பாதத்தில் முள் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். குதிகாலில் தைலம் தேய்ப்பார்கள். அப்புறம்தான் பாவூர்சத்திரத்திலிருந்து தென்காசிக்கோ திருநெல்வேலிக்கோ தூக்கிக்கொண்டு ஓடுவது. “நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு டாக்டர், இன்னைக்குக் காலைத் தூக்கிட்டு நிக்கு” என்று சொல்வார்கள். நேற்றுவரை நன்றாக இருந்தது என்ற அந்த நம்பிக்கையை முதலில் விட்டுவிட வேண்டும். பெரும்பாலான நாய்களுக்கு முழங்கால் ஜவ்வு ஒரே நாளில் அறுவதில்லை. பல மாதங்களாக, சில நாய்களில் ஆண்டுக்கணக்காக, இழை இழையாகத் தேய்ந்து வந்து, ஒருநாள் மீதியும் போகிறது.

மனிதர்களுக்கு முழங்கால் ஜவ்வு கிழிவது இந்த வட்டாரத்தில் புதிய செய்தி இல்லை. கபடிக் களம் இருக்கிற ஊரெல்லாம் லிகமெண்ட் கிழிந்து ஆட்டத்தை விட்ட இளைஞர் ஒருவராவது இருப்பார். காலை ஊன்றியபடி உடம்பு திரும்பும்போது, ஒரு நொடியில் முன் குறுக்கு ஜவ்வு அறுந்துபோகும். நாய்க்கும் அதே இடத்தில் அதே ஜவ்வு இருக்கிறது. ஆனால் அது செய்கிற வேலை வேறு.

நாம் நிமிர்ந்து நிற்கும்போது கால் நீண்டுவிடுகிறது. தொடை எலும்பு கீழ்க்கால் எலும்பின்மேல் ஏறக்குறைய நேராக உட்காருகிறது. ஜவ்வுக்குப் பெரிய வேலை இல்லை. நாய் நிற்கும்போதுகூட அதன் முழங்கால் 135 முதல் 140 டிகிரி வரை மடங்கித்தான் இருக்கிறது. அது போதாதென்று, கீழ்க்கால் எலும்பின் மேல்தளம் பின்பக்கமாகச் சரிந்திருக்கிறது. மனிதரில் இந்தச் சரிவு சுமார் 10 டிகிரிக்குள் அடங்கிவிடும். நாயில் சராசரியாக 25 டிகிரி அளவுக்குப் போகும். சரிவான மேட்டில் ஒரு பாரவண்டியைக் கயிறு கட்டி நிறுத்தியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தொடை எலும்பு வண்டி, எலும்பின் மேல்தளம் சரிவு, முன் குறுக்கு ஜவ்வு கயிறு. நாய் சும்மா நின்றுகொண்டிருக்கும்போதே அந்தக் கயிற்றில் இழுவை உண்டு. ஒவ்வொரு அடி வைக்கும்போதும் வண்டி பின்னால் உருளப் பார்க்கிறது. கயிறு பிடித்து நிறுத்துகிறது. உடம்பின் எடை கூடக் கூட இழுவையும் கூடுகிறது.

அந்தக் கயிற்றின் நடுப்பகுதிக்கு ரத்த ஓட்டம் மிகக் குறைவு. அங்கே ஓர் இழை அறுந்தால் அதைச் செப்பனிட உடம்பிடம் போதிய வழி இல்லை. மூட்டு நீரில் மிதக்கும் அறுந்த முனைகள் ஒன்றையொன்று தேடிப் பிடித்து ஒட்டுவதும் இல்லை. தோலில் காயம் ஆறுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இதை ஏற்பது கடினம். ‘விட்டால் தானாக ஆறிவிடும்’ என்று காத்திருப்பது இந்த ஜவ்வு விஷயத்தில் பலிக்காது.

எல்லா நாய்களுக்கும் இந்த ஆபத்து ஒரே அளவு இல்லை. லாப்ரடார், ராட்வைலர், நியூஃபவுண்ட்லாந்து போன்ற கனத்த இனங்களில் அதிகம்; கிரேஹவுண்ட் போன்ற ஒல்லியான ஓட்டக்கார இனங்களில் அபூர்வம். 2000-ல் வெளியான ஓர் ஆய்வில் ராட்வைலரின் ஜவ்வையும் பந்தய கிரேஹவுண்டின் ஜவ்வையும் இழுத்துப் பார்த்து ஒப்பிட்டார்கள். உடல் எடைக்கு ஏற்பக் கணக்கிட்டால், கிரேஹவுண்டின் ஜவ்வை அறுக்கத் தேவைப்பட்ட விசையில் பாதியிலேயே ராட்வைலரின் ஜவ்வு அறுந்தது. நம் சிப்பிப்பாறையும் கன்னியும் கிரேஹவுண்டைப் போன்ற மெலிந்த உடல்வாகுள்ள ஓட்டநாய்கள். அவற்றுக்கோ தெருநாய்க்கோ திடீரென்று கால் போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வாகனத்தைத்தான். திருநெல்வேலி–தென்காசி சாலையில் இரவு பகலாக லாரிகள் ஓடுகின்றன. அடிபட்ட நாய்க்கு எலும்பு முறிவும் இருக்கலாம், ஒன்றுக்கு மேற்பட்ட ஜவ்வுகளும் அறுந்திருக்கலாம். வெள்ளை பொமரேனியன் ஓடும்போது நாலு அடிக்கு ஓர் அடி காலைத் தூக்கிக் குதித்துவிட்டு மறுபடி சரியாக நடந்தால், சில்லு தன் பள்ளத்தை விட்டு விலகுகிறதா என்று பார்க்க வேண்டும். உண்ணிக் காய்ச்சலிலும் மூட்டு வீங்கி நாய் நொண்டும். ஆகவே நொண்டுவதை வைத்து மட்டும் வீட்டிலேயே முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

ஜவ்வுதான் என்று காட்டும் சில அடையாளங்களை வீட்டிலேயே கவனிக்கலாம். நாய் உட்காரும்போது முழங்காலைச் சரியாக மடக்காமல் காலைப் பக்கவாட்டில் நீட்டிக்கொள்ளும். நிற்கும்போது அந்தக் காலின் விரல் நுனியை மட்டும் மெல்லத் தரையில் வைக்கும். ஒரு தொடை மறு தொடையைவிட மெலியும். நாள்பட்டால் முழங்காலின் உட்பக்கத்தில் கெட்டியான தடிப்பு கைக்குத் தட்டுப்படும். மருத்துவர் தொடை எலும்பை ஒரு கையிலும் கீழ்க்கால் எலும்பை மறு கையிலும் பிடித்து முன்பின்னாக நகர்த்திப் பார்ப்பார். ஜவ்வு அறுந்திருந்தால் கீழ்க்கால் எலும்பு மேசை இழுப்பறை மாதிரி முன்னால் வழுக்கி வரும். வலியில் நாய் தசையை இறுக்கிக்கொண்டால் இது தெரியாது. அதனால் மயக்க ஊசி போட்டுப் பார்க்கச் சொன்னால் பயப்பட வேண்டியதில்லை. திருநெல்வேலி ராமையன்பட்டியில் 2012 முதல் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. பாவூர்சத்திரத்துக்காரர்களுக்கு முதலாவது ஒரு காலைப் பயணத் தூரம்தான்.

அறுந்த ஜவ்வை என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு மருத்துவம் பதில் தேடி வந்த வழிதான் எனக்கு இந்த விஷயத்தில் மிகப் பிடித்த பகுதி. 1952-ல் பின்லாந்தின் சாக்கி பாட்சமா, நாயின் தொடைச் சவ்விலிருந்து ஒரு கீற்றை எடுத்து, எலும்பில் துளையிட்டு, பழைய ஜவ்வு இருந்த பாதையிலேயே நுழைத்துக் கட்டினார். மனிதருக்கு இன்று செய்வதும் ஏறக்குறைய இதே யோசனைதான். 1970-ல் அமெரிக்காவில் டி ஏஞ்சலிஸ், லாவ் இருவரும் மூட்டுக்குள்ளேயே போகாமல் வெளிப்பக்கமாகத் தையல் போட்டு எலும்புகளைப் பிடித்து நிறுத்தும் முறையை விவரித்தார்கள். பின்னாளில் அதற்குக் கெட்டியான தூண்டில் நரம்பே பயன்பட்டது. அந்த நைலான் சில மாதங்களில் தளர்ந்துவிடும் என்று மருத்துவருக்குத் தெரியும். அதற்குள் மூட்டைச் சுற்றி உடம்பே தடித்த நார்த்திசுவை வளர்த்துக்கொள்ளும் என்பதுதான் கணக்கு. சிறிய நாய்களுக்கு இது இன்றும் நல்ல வழி.

பெரிய நாய்களில் பாரம் அதிகம். எந்தக் கயிற்றைக் கட்டினாலும் இழுபட்டது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் மருத்துவம் பார்த்த பார்க்லே ஸ்லோகம் கயிற்றை விட்டுவிட்டுச் சரிவைப் பார்த்தார். ஒவ்வொரு அடியிலும் கீழ்க்கால் எலும்பு முன்னால் தள்ளப்படுவதை 1983-ல் விளக்கி எழுதினார். பத்தாண்டு கழித்து, 1993-ல், தன் அறுவை முறையை வெளியிட்டார். எலும்பின் மேல்பகுதியை வளைவான ரம்பத்தால் அறுத்து, அந்த வளைவிலேயே சுழற்றி, 25 டிகிரி சரிவைச் சுமார் 5 டிகிரிக்குக் கொண்டுவந்து, தகடும் திருகாணியும் வைத்து நிறுத்திவிடுவது. அறுந்த ஜவ்வுக்குப் பதிலாக எதையும் வைப்பதில்லை. தரை சமமாகிவிட்டால் வண்டி உருளாது, கயிறும் தேவையில்லை. இன்று உலகெங்கும் பெரிய நாய்களுக்கு அதிகம் செய்யப்படும் முழங்கால் அறுவைகளில் டிபிஎல்ஓ என்று சொல்லப்படும் இதுவும் ஒன்று. இயற்கை அமைத்த கோணத்தையே மாற்றத் துணிந்த அந்த யோசனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு தீர்வதில்லை.

செலவும் தூரமும் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. அறுவை இல்லாமல் தேறுமா? 1984-ல் வாசர் என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில் 85 நாய்களுக்கு அறுவை செய்யாமல் கவனித்தார்கள். 15 கிலோவுக்குக் குறைந்த நாய்களில் சுமார் 86 விழுக்காடு நன்றாகத் தேறின. அதற்கு மேற்பட்ட எடையுள்ளவற்றில் தேறியவை சுமார் 19 விழுக்காடு மட்டுமே. ஆனால் 2013-ல் பருமனான நாய்களிடம் செய்த இன்னோர் ஆய்வில், எடைக் குறைப்பு, உடற்பயிற்சி, வலி மருந்து மூன்றையும் ஒழுங்காகச் சேர்த்துக் கொடுத்தபோது அறுவை செய்யாத பெரிய நாய்களிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டில் நல்ல நிலைக்கு வந்தன. அறுவை செய்தவை அதைவிடச் சற்று மேல். வீட்டுக் கவனிப்புக்கு எவ்வளவு வலிமை என்பதை நான் நம்பத் தொடங்கியது அந்த முடிவைப் படித்த பிறகுதான்.

அந்தக் கவனிப்பு ஓய்வில் தொடங்குகிறது. ஆறு முதல் எட்டு வாரம் ஓட்டம் இல்லை, மாடிப்படி இல்லை, கட்டிலில் தாவுவது இல்லை, ஸ்கூட்டரின் முன்பக்கம் ஏறி நிற்பதும் இல்லை. சிறுநீர் கழிக்கக்கூடக் கயிறு பிடித்துத்தான் கூட்டிப்போக வேண்டும். பழைய துண்டை அடிவயிற்றுக்குக் கீழே, பின்னங்கால்களுக்குச் சற்று முன்னால் கொடுத்து இரு முனைகளையும் மேலே பிடித்தால் பாதி பாரம் நம் கைக்கு வந்துவிடும். டைல்ஸ், கிரானைட் தரைகள் இந்த நாய்க்கு எதிரி. சாரல் காலத்தில் ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். காய்கறிச் சந்தையில் கிடைக்கும் சணல் சாக்குகளை விரித்துத் தைத்து, படுக்குமிடத்திலிருந்து வாசல்வரை போட்டால் போதும்.

மூங்கில் தப்பையும் முட்டை வெள்ளைக்கருவும் வைத்துக் கட்டுப்போடும் வழக்கம் நம் பக்கம் உண்டு. முழங்கால் ஜவ்வுக்கு அது உதவாது. நாயின் தொடை மேலே அகன்று கீழே குறுகியது. கட்டு இறங்கி முழங்காலிலேயே வந்து தங்கி, அசைவை நிறுத்தாமல் பாரத்தை மட்டும் கூட்டும். தோலும் புண்ணாகும்.

நமக்கு வாங்கி வைத்த வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாயின் இரைப்பையில் புண் உண்டாக்கி ரத்தம் கசியச் செய்யும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். டைக்ளோஃபெனாக்குக்கு இந்தியாவில் இதைவிடத் துயரமான கதை ஒன்றும் உண்டு. அந்த மருந்து கொடுக்கப்பட்ட மாடுகளின் இறந்த உடலைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து செத்தன. வெண்முதுகுப் பாறு 99 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தது. காரணத்தை 2004-ல் கண்டறிந்தார்கள். 2006-ல் கால்நடைகளுக்கு அம்மருந்தை இந்தியா தடைசெய்தது. அதற்குப் பதிலாக முன்வைக்கப்பட்ட மெலாக்சிகம்தான் இன்று ஜவ்வு அறுந்த நாய்களுக்கும் மருத்துவர்கள் எழுதித் தரும் மருந்துகளில் ஒன்று. நீலகிரி அடிவாரத்தில் மோயாற்றுப் பக்கம் எஞ்சியிருக்கும் பாறுகளையும் பாவூர்சத்திரத்து லாப்ரடாரையும் இந்த ஒரு மருந்து இணைக்கிறது. அளவை மட்டும் மருத்துவரே எடை பார்த்துச் சொல்ல வேண்டும். கூடவே ஸ்டீராய்டு சேர்க்கக் கூடாது.

வீக்கம் தணிந்த பிறகு வேலை தசைக்கு. தொடையின் பின்பக்கத் தசை கீழ்க்கால் எலும்பைப் பின்னால் இழுக்கும். அறுந்த ஜவ்வின் வேலையில் ஒரு பங்கை அது ஏற்றுக்கொள்ளும். அதை வளர்க்க மெதுவான நடைதான் மருந்து. வேகமாக நடத்தினால் நாய் மூன்று காலில் தாவிச் சமாளித்துவிடும். ஆமை வேகத்தில் நடத்தினால் நாலாவது காலை ஊன்றியே ஆக வேண்டும். ஐந்து நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்கு வாரம் கூட்டலாம். நேராக உட்காரச் சொல்லி எழுப்புவதும் நல்ல பயிற்சி.

தண்ணீர் இன்னும் நல்லது. 2010-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின்படி, நாய் முழங்கால் அளவு நீரில் நிற்கும்போது உடல் எடையில் 85 விழுக்காட்டைச் சுமக்கிறது. இடுப்பு அளவு நீரில் 38 விழுக்காட்டை மட்டுமே. முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட அந்த ஒரு சாண் உயரத்தில்தான் பாரம் பாதிக்கும் கீழே இறங்குகிறது. சரிவு குறைந்த, அடியில் சேறில்லாத ஓரம் உள்ள குளமோ வாய்க்காலோ போதும். அறுவை செய்திருந்தால் தையல் ஆறியிருக்க வேண்டும், எலிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். அருவிப் பக்கம் கூட்டிப்போக வேண்டாம். பாசிப்பாறையில் ஒருமுறை வழுக்கினால் இரண்டு மாத உழைப்பு போய்விடும்.

எடையைப் பற்றிச் சொல்ல எனக்கு ஓர் ஆய்வு போதும். 48 லாப்ரடார்களை இரண்டு குழுவாக்கி, ஒரு குழுவுக்கு வாழ்நாள் முழுக்க 25 விழுக்காடு குறைவாக உணவு கொடுத்தார்கள். 2002-ல் முடிவு வந்தது. குறைவாகச் சாப்பிட்டவை இடைநிலையாக 13 ஆண்டு வாழ்ந்தன, மற்றவை 11.2 ஆண்டு. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. நாம் சாப்பிடும்போதெல்லாம் வாசலில் உட்கார்ந்து பார்க்கும் கண்களுக்கு ஒரு கவளம் போடாமல் இருப்பது கடினம்தான். ஆனாலும் விலா எலும்பைத் தடவினால் அழுத்தாமலே விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் சோற்றைக் குறைக்க வேண்டும்.

இதையெல்லாம் செய்து ஒரு கால் தேறிவந்தாலும் மறு காலை மறக்கக் கூடாது. ஒரு முழங்காலில் ஜவ்வு அறுந்த நாய்களில் ஏறக்குறைய பாதிக்கு, பெரும்பாலும் ஓரிரு ஆண்டுக்குள், மறு பக்கத்திலும் அறுகிறது. அதற்கும் அதே சரிவு, அதே எடை, அதே வயது. முதல் எக்ஸ்ரே எடுக்கும் அன்றே இரண்டு முழங்காலையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். அறுவதற்கு முன்பே மூட்டில் நீர் கோத்திருப்பது அதில் தெரியும். மாதம் ஒருமுறை தையல் நாடாவால் இரு தொடைகளையும் ஒரே உயரத்தில் அளந்து எழுதி வையுங்கள். நல்ல கால் என்று நினைத்த பக்கம் மெலிந்தால், நாய் நொண்டும்வரை காத்திருக்காமல் அந்த வாரமே மருத்துவரிடம் காட்டலாம்.