ஒருவர் உழைக்க, நால்வர் பெயர்: பொறியியல் மாணவர்களின் குழு வேலை

பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு புராஜெக்ட்டைப் பெரும்பாலும் மூன்று நான்கு பேர் சேர்ந்துதான் செய்கிறார்கள். ஒரு பிள்ளை இரவெல்லாம் விழித்து உழைக்கும். மற்றவர்களின் பெயர் மட்டும் அறிக்கையில் இருக்கும். உழைத்த பிள்ளைக்கு மனக்கசப்பு. உழைக்காத பிள்ளையோ நேர்முகத் தேர்வில் புராஜெக்ட்டைப் பற்றிக் கேட்டால் திணறுகிறது.

இதைச் சோம்பல் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பிரான்ஸ் நாட்டு வேளாண் பொறியாளர் ரிங்கல்மான், 1913-ல் வெளியிட்ட ஆய்வில், ஆட்கள் கூடக் கூட ஒவ்வொருவரும் இழுக்கும் பலம் குறைவதைக் காட்டினார். யார் பங்கு எவ்வளவு என்று தெரியாத இடத்தில் உழைப்பு தளரும். முயற்சிகளும் ஒருங்கிணையாமல் போகும்.

இந்தியா 2014-ல் வாஷிங்டன் உடன்படிக்கையின் நிரந்தர உறுப்பினரானது. தேசிய அங்கீகார வாரியம் பொறியியல் பட்டதாரியிடம் எதிர்பார்க்கும் திறன்களில் குழுவாக இயங்குவதும் ஒன்று. ஆனால் நான்கு பேரை ஒன்றாக உட்காரவைத்தால் மட்டும் அந்தத் திறன் வந்துவிடாது. அதையும் பாடம்போலக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

நல்ல ஆசிரியர்கள் இப்படிச் செய்கிறார்கள்:

1. நண்பர்களே கூடிக்கொள்ள விடாமல், திறமை கலந்திருக்கும்படி தாங்களே குழு அமைப்பார்கள்.

2. கூடும் நேரம், பொறுப்புகள், வராதவர் விஷயத்தில் என்ன செய்வது ஆகியவற்றை முதல் வாரமே எழுதிக் கையெழுத்திடச் சொல்வார்கள்.

3. பொறுப்புகளை மாற்றி மாற்றித் தருவார்கள்.

4. மாணவர்களே ஒருவர் பங்களிப்பை மற்றவர் மதிப்பிடச் செய்து, அதை மதிப்பெண்ணில் சேர்ப்பார்கள்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. வேலை மாலைக்கு மேல் நீளும் என்று நாம் அனுப்பத் தயங்கும்போது, நம் மகள் அறிக்கை டைப் செய்வதோடு நின்றுவிடுகிறாள். கருவியைத் தொடும் வாய்ப்பு மற்றவருக்குப் போகிறது. கல்லூரி நேரத்திலேயே கூடுவதாக முதல் வாரமே பேசி எழுதிக்கொண்டால் இதைப் பெருமளவு தவிர்க்கலாம். ஆண்கள் நிறைந்த குழுவில் ஒரே ஒரு பெண்ணைத் தனியாக விடுவதைத் தவிர்க்கும்படி பொறியியல் கல்வி ஆய்வாளர்களும் அறிவுறுத்துகிறார்கள். ஆசிரியரிடம் இதைத் தயங்காமல் கேட்கலாம்.

பெற்றோர்களே, “மார்க் எவ்வளவு?” என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். “இந்த வாரம் குழுவில் உன் வேலை என்ன? மற்றவர் வேலை உனக்குப் புரிந்ததா?” என்றும் கேளுங்கள். நாளை வேலைக்குப் போகும் இடத்திலும் அந்தப் பிள்ளை பலரோடு சேர்ந்துதான் உழைக்க வேண்டியிருக்கும்.