ஐந்து புள்ளியில் ஒரு கோலம்

மார்கழியும் தைப்பொங்கலும் தமிழர் வாசலைக் கோலம் அலங்கரிக்கும் காலம். நம் நீலகிரியில் அதே நாட்களில்தான் உறைபனியும் விழுகிறது. புல்வெளி வெளுத்துக் கிடக்கும் அதிகாலையில், தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளின் முன்னே பெண்கள் குனிந்து கோலமிடுவர். அதன் பிறகே கொழுந்து பறிக்கப் புறப்படுவர்.

கல்லூரிக்கு வந்த நம்மில் பலர், "எனக்குக் கோலம் வராது" என்கிறோம். குறை நம் கையில் இல்லை. கோலத்தை ஒரு படமாக எண்ணிப் பார்த்து வரைய முயல்வதே காரணம். நெளிக்கோலம் படமன்று, அது ஒரு விதி. என் தாயார் அவ்விதியை ஒரே வரியில் சொல்வார்: "இடைவெளியில நுழைஞ்சா நேரா போ, அதுக்கப்பால் புள்ளி இல்லேன்னா சுத்தித் திரும்பு." இதை மட்டும் மனத்திற்கொண்டு, முதலில் தாளில் பென்சிலால் வரைந்து பாருங்கள்.

நடுவரிசையில் மூன்று புள்ளிகள் வைக்கவும். நடுப்புள்ளிக்கு நேர் மேலே ஒன்றும், நேர் கீழே ஒன்றும் அதே இடைவெளியில் வைக்கவும். ஆக ஐந்து புள்ளிகள். இனி,

1. நடுப்புள்ளிக்கும் வலப்புள்ளிக்கும் இடையில் தொடங்கிச் சாய்வாக மேலேறி, நடுப்புள்ளிக்கும் மேற்புள்ளிக்கும் இடையே செல்க.

2. அதே சாய்வில் தொடர்ந்து, மேற்புள்ளியின் இடப்புறமாக ஏறி, தலையைச் சுற்றி, வலப்புறமாக இறங்கி, முன்பு நுழைந்த இடைவெளியைக் குறுக்காகக் கடந்து செல்க.

3. சாய்வாக இறங்கி, நடுப்புள்ளிக்கும் இடப்புள்ளிக்கும் இடையே நுழைக. இடப்புள்ளியின் அடியாகச் சென்று, சுற்றி, மேலாகத் திரும்பி, அந்த இடைவெளியைக் கடந்து செல்க.

4. இனி நடுப்புள்ளிக்கும் கீழ்ப்புள்ளிக்கும் இடையே நுழைக. கீழ்ப்புள்ளியின் வலப்புறமாக இறங்கி, இடப்புறமாக ஏறி, அந்த இடைவெளியைக் கடந்து செல்க.

5. தொடங்கிய இடைவெளி வந்துவிட்டது. நில்லாமல் நேரே சென்று, வலப்புள்ளியின் மேலாகச் சுற்றி, அடியாகத் திரும்பினால் கோடு தொடங்கிய இடத்திலேயே முடியும்.

நான்கு இதழ்கள், நடுவில் ஒரு சாய்சதுரம், எல்லாம் ஒரே கோட்டில்! தரையில் இடும்போது கை உலர்ந்திருக்க வேண்டும். மூடுபனி ஈரம் பட்டால் மாவு கட்டிக்கொள்ளும். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே மாவை மெல்ல நழுவ விடுக.

இது கைவந்தபின் செவ்வகப் புள்ளிகளுக்குச் செல்லலாம். விதி அதுவே. 2 வரிசையில் மும்மூன்று புள்ளி வைத்தால் ஒரே கோட்டில் முடிந்துவிடும். 3 வரிசையில் மும்மூன்று வைத்தால் தனித்தனியாக 3 கோடுகள் வேண்டும். ஏன்? வரிசைகளின் எண்ணிக்கைக்கும் ஒரு வரிசையிலுள்ள புள்ளிகளின் எண்ணிக்கைக்கும் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ, அத்தனை கோடுகள். 4 வரிசையில் 6 புள்ளி என்றால் 2 கோடுகள். கண்ணாடிச் சுவர்களுக்குள் 45 பாகைச் சாய்வில் விடப்பட்ட ஒளிக்கதிர் பட்டுப் பட்டுத் திரும்புவது போலவே இக்கோடும் ஓரங்களில் திரும்புகிறது. பள்ளியில் நாம் படித்த கணக்கு வாசலிலேயே கிடந்திருக்கிறது!

அறிஞர்களும் இதனைக் கண்டுகொண்டனர். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர், மொழிக்கு இலக்கணம் இருப்பது போலக் கோலத்திற்கும் இலக்கணம் அமைத்து 1974ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். ஆப்பிரிக்காவில் அங்கோலா நாட்டுச் சோக்வே மக்களும் மணலில் புள்ளி வைத்துக் கோடு சுற்றி வரைவர். நம் மலையின் தோடர் பெண்கள் துணியில் படம் எதுவும் வரைந்துகொள்ளாமல், இழைகளை எண்ணியே கறுப்பும் சிவப்புமாகப் பூத்தையல் இடுகின்றனர். எண்ணிக்கையை விரலில் வைத்திருப்போர் எங்கும் உண்டு.

கல்லூரி விண்ணப்பத்தில் 'தாயின் கல்வித் தகுதி' என்ற கட்டத்தில் என் போன்றோர் 'இல்லை' என்றே நிரப்புகிறோம். கொழுந்து பறித்து என்னைப் படிக்கவைத்த தாயாருக்குக் கையொப்பம் மட்டுமே தெரியும். ஆனால் புள்ளி வைக்கும்போதே, கோடு ஒன்றில் முடியுமா, இரண்டில் முடியுமா என்று சொல்லிவிடுவார். அந்தக் கட்டத்தில் அடங்காத கல்வி அது.

இன்று கடையில் ஒட்டுக்கோலம் கிடைக்கிறது. ஒட்டிய கோலம் வாசலை நிரப்பும். விதியைக் கற்றுத் தராது. புத்தகத்தில் ஏறாத இக்கல்வி, கேட்பாரில்லையேல் ஒரு தலைமுறையோடு போய்விடும். ஆகவே மாணவ நண்பர்களே, இந்தப் பொங்கல் விடுமுறையில் ஐந்து புள்ளி வையுங்கள். தவறினால் தாயாரைக் கேளுங்கள். பட்டம் பெறப் போகும் நாம் அவரிடம் பாடம் கேட்பது நமக்கும் பெருமை, அவருக்கும் பெருமை!